ஸ்கூட்டியை விட்டு இறங்காத நோயாளி

டொக்டரைப் பார்க்க வருபவர்களுக்கு நம்பர் கொடுக்கும் வேலையில் ஒருத்தி சேர்ந்துவிட்டால், ஊரில் உள்ள எல்லாரும் ஒரே நாளில் அவளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட உள்ள ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான்தான் அந்த ஒருத்தி. காலையில் போனில் நம்பர் கொடுப்பேன், பின்னேரம் பெயர் கூப்பிடுவேன், இடையிடையே "இன்னும் எத்தினை பேர் பிள்ளை?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வேன். லைன் கிடைக்காமல் விரல் நொந்தவர்களே, வாங்குப் பலகையில் காத்திருந்து இடுப்பு நொந்தவர்களே, நீங்கள் என்னைத் திட்டியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் மட்டும் உங்களைப் பார்த்து அதிசயப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேப்பமரத்துக்குக் கீழே

புஷ்பம் அக்கா வல்வெட்டித்துறைப் பக்கம். அங்கே டொக்டர்மார் இல்லாமல் இல்லை. எங்கள் டொக்டரின் கைராசியை நம்பி, மாதாமாதம் பிரஷருக்கு மருந்து எடுக்க இவ்வளவு தூரம் வருவார். ஏற்றிக்கொண்டு வருவது அவருடைய கணவர் இராசன் அண்ணை. கடல்தொழில் செய்கிறவர். வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அதன்மேலேயே இருப்பார். மழை தூறினாலும் உள்ளே வரமாட்டார்.

ஒருநாள் அக்கா என் மேசைக்கு மேலே குனிந்து மெல்லிய குரலில் சொன்னார். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது அண்ணைக்கு மூச்சு வாங்குகிறதாம். வேர்த்து ஒழுகுகிறதாம். நெஞ்சைத் தடவிக்கொண்டு மணலில் குந்திவிடுகிறாராம். அவருடைய தமையனும் இப்படித்தான் நெஞ்சைத் தடவித் தடவித் திரிந்து, ஒருநாள் கரையிலேயே விழுந்து செத்துப்போனவர். இதெல்லாம் தெரிந்தும், டொக்டர் கடலுக்குப் போகாதே என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் அண்ணை காட்ட வரமாட்டேன் என்கிறார். சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நம்பர் எடுக்க எனக்குத் தெரியும் பிள்ளை. உந்த மனிசனை ஸ்கூட்டியாலை இறக்கத்தான் தெரியேல்லை."

கனடாவில் கேட்ட சளி

எங்கள் போன் திறக்கும் காலைநேரம் கனடாவில் இரவு. அங்கே ஒரு மகள் படுக்கப் போகமுன் எங்கள் நம்பரை அழுத்திக்கொண்டே இருப்பார். கோப்பாயில் உள்ள தாயாருக்கு முதலாம் நம்பர் எப்போதும் அவர் எடுத்ததுதான். பக்கத்து ஒழுங்கையில் இருப்பவருக்குக் கிடைக்காத லைன், கடல்கடந்து அவருக்குக் கிடைத்துவிடும். ஒருமுறை, "அம்மா கதைக்கேக்கை இடையிலை நிண்டு நிண்டு கதைக்கிறா. சளி கட்டியிருக்கு. அவ சொல்லமாட்டா, நீங்கள் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ" என்றார். டொக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். சளிதான். இங்கே இருந்து நாங்கள் கேட்காததை அங்கே இருந்து கேட்ட அந்தக் காதுக்கு ஒரு கும்பிடு.

மருந்தோடு வெளியே வந்த தாயார் வாங்கில் இருந்த புஷ்பம் அக்காவிடம் சொன்னார்: "எனக்கு என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியமுந்தி என்ரை பிள்ளைக்குத் தெரிஞ்சிடும்."

வாசல் வருத்தம்

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு நோயைத் தலையில் இருந்து கால்வரை விளக்குவார்கள். டொக்டர் "என்ன செய்யுது?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை டொக்டர், சும்மா" என்பார்கள். மருந்தும் எழுதி முடிந்து, எழும்பி, கதவைப் பிடித்த பிறகுதான், "இன்னொண்டு டொக்டர்…" என்று திரும்புவார்கள். அந்த இன்னொண்டுதான் உண்மையான நோய், வாசல் வருத்தம். ஆகவே எங்கள் டொக்டர், ஆள் கதவைத் தாண்டும்வரை பேனையை மூடுவதில்லை.

இதில் ஞானம் மாஸ்டரை யாரும் வெல்ல முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மரியாதை கூடிப்போய், தனக்குக் கால் விறைப்பதைக்கூட டொக்டருக்குத் தொந்தரவு என்று நினைப்பவர். ஒவ்வொருமுறையும் கதவைப் பிடித்துக்கொண்டே அரைவாசி வைத்தியத்தை முடித்துக்கொள்வார். ஆனால் மனிதர் தன்னைத் திருத்திக்கொண்டார். போன மாதம் உள்ளே போனவர் கதிரையில் இருக்கவில்லை. கதவைப் பிடித்தபடியே தொடங்கினார்.

"டொக்டர், இண்டைக்கு வாசல் வருத்தத்தை முதல்லை சொல்லிப்போட்டுத்தான் இருப்பன்."

இரவல் நெஞ்சு

இதையெல்லாம் வாங்கில் இருந்து பார்த்த புஷ்பம் அக்கா, அண்ணைக்கு மருந்து வாங்கத் தானும் ஒரு வேலை செய்தார். அடுத்தமுறை வந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மாவிடம், நெஞ்சு இறுக்குவதை, மூச்சு வாங்குவதை, வேர்ப்பதை எல்லாம் தன்னுடைய வருத்தமாகவே சொல்லிப் பழகினார். அந்த அம்மா அழுதேவிட்டார். அக்கா உள்ளே போயும் ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கதவு நீக்கலாக இருந்ததால் எனக்கும் கேட்டது. எப்போது வருகிறது என்று டொக்டர் கேட்டார். "வள்ளம் இழுக்கேக்கை டொக்டர்" என்று அக்காவின் வாயில் வந்துவிட்டது.

டொக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி ஜன்னலால் வேப்பமரத்தைப் பார்த்தார். "அம்மா, நெஞ்சுக்குச் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. கனநாள் விடாதையுங்கோ."

சீற்றுக்குக் கீழே

அடுத்தநாள் காலையே அக்கா போன் எடுத்து அண்ணையின் பெயரில் நம்பர் போட்டார். அண்ணையிடம் தன்னுடைய பிரஷரைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கூட்டி வந்தார். வேப்பமரத்தடியில் இறங்கி, "சீற்றுக்குக் கீழை மருந்துப் பை கிடக்கு, திறப்பைத் தாங்கோ" என்று ஸ்கூட்டிச் சாவியை வாங்கினார். பையை எடுத்தார். திறப்போடு உள்ளே போய் அதை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு வந்தார். நான் இராசன் அண்ணையின் பெயரைக் கூப்பிட்டேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். திரும்பவும் கூப்பிட்டேன். அக்கா படியில் நின்று, "ஸ்கூட்டித் திறப்பு டொக்டரிட்டை இருக்கு. வேணுமெண்டால் போய் வாங்குங்கோ. இல்லாட்டி வல்வெட்டித்துறைக்கு நடவுங்கோ!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த நம்பர் ஞானம் மாஸ்டருடையது. அவர் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு, "நீங்கள் ஆறுதலாய்க் காட்டுங்கோ தம்பி, நான் பொறுக்கிறன்" என்றார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. நம்பருக்காக என்னோடு சண்டை பிடிக்கும் அத்தனை பேரும் இருந்தார்கள், ஒருவர்கூட "இன்னும் எத்தினை பேர்?" என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவர்கள் எல்லாரிலும் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

அண்ணை வெறுங்கையோடு வெளியே வந்தார். "திறப்பைத் தரேல்லை பிள்ளை. உடனை ஓட்டோவிலை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகட்டாம்."

இன்னொரு திறப்பு

இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. நேரத்துக்குப் போனதால் ஆள் தப்பினார். கடலுக்கு இன்னும் விடவில்லை. அந்தக் கோபத்தைக் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துவதில் தீர்க்கிறார். இப்போது தானே போன் எடுத்து, முதலாம் நம்பருக்குக் கனடா மகளோடு போட்டி போடுகிறார். வந்தால் உள்ளே, வாங்கில்தான் இருப்பார்.

போன கிழமை வேப்பமரத்தடியில் வேறொருவர் மோட்டார்சைக்கிளில் இருந்தார். மனைவியை இறக்கிவிட்டு, தெருவைப் பார்த்தபடி நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். இராசன் அண்ணை எழும்பிப் போனார். பக்கத்தில் நின்று கதைத்தார். திரும்பி வந்து என் மேசையில் ஒரு திறப்பை வைத்தார்.

"பிள்ளை, உவருக்கும் ஒரு நம்பர் போடு."

எங்கள் டொக்டருக்குக் கைராசி இருப்பது உண்மைதான், ஆனால் அந்தக் கைக்குள் ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உத்தியோகத்தை இப்போது என்னைவிட வாங்கில் இருப்பவர்கள்தான் திறமாகப் பார்க்கிறார்கள்.