கப்பல் ஊதப்போகிறது என்று முன்னமே சொன்னவர்

சென்ற வியாழக்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. நௌசோரியிலிருந்து பெருமாள் அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். இந்தியில் நலம் விசாரித்தார். அந்த விசாரிப்பு வழக்கத்தைவிட நீண்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனவர் குழாயடியிலேயே சரிந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு நான் வெகுநேரம் ஈரக் கையோடு நின்றிருந்தேன்.

கோயிலில் அவரை அறிந்தவர்கள் கூடும்போது வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். இந்த ஃபிஜியில் நம்மில் பாதிப் பேருக்கு இதை இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆனாலும் அவர் என்னோடு பேசியது தமிழில்தான். உங்களில் பலருக்கு அவர் நட்டோவித் துறையிலிருந்து போகும் கப்பலில் டிக்கெட் பார்த்தவர், நேரம் தவறியவர்களை ஏற்றாதவர், இரைந்து பேசுகிறவர். எங்கள் வீட்டுக்கு அவர் யார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அவரை முதலில் பார்த்த நாள் நல்ல நாள் அல்ல. இரண்டாயிரமாம் ஆண்டு ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிந்தைய மாதங்கள் அவை. கடலுக்கு அப்பால் வடக்குத் தீவில், லம்பாசாவில், அப்பாவின் கரும்பு நிலத்துக் குத்தகை முடிந்துவிட்டது. தம்பிக்குக் கனடா விசா வந்துவிட்டது. வாதத்தில் படுத்துவிட்ட அப்பாவையும் உடன் அழைத்துப் போவதாக ஏற்பாடு. நாடி விமான நிலையத்துக்கு வந்தால் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்றான் தம்பி. அப்பாவோ, வீட்டைக் காலி செய்யும் முன் மீனா அந்த வீட்டுக்கு ஒருமுறை வர வேண்டும் என்று கேட்டிருந்தார். மீனா எங்கள் ஒரே மகள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று சூவா டாக்டர் சொல்லி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கைவிரல்களில் எண்ணிவிடலாம், அத்தனை வார்த்தைகள்தான் பேசுவாள். சின்ன விமானத்தில் கதவைச் சாத்தி உட்கார வைத்தால் தாங்கமாட்டாள். கப்பலிலாவது எழுந்து நடக்கலாம் என்று நானும் என் கணவர் பாலனும் அவளை நாங்கள் குடியிருந்த நகாசியிலிருந்து பஸ்ஸில் நட்டோவிக்குக் கூட்டிப்போனோம்.

கப்பலில் கால் வைத்த நேரம் சங்கு ஊதியது. மீனா இரும்புத் தளத்தில் விழுந்து அலறினாள். தன் மணிக்கட்டைத் தானே கடித்தாள். தூக்கப் போன என்னையும் உதைத்தாள். அவள் கால் பட்டு ஒரு அம்மாவின் கூடை கவிழ்ந்தது. பயணிகள் சத்தம் போட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த டிக்கெட் பார்ப்பவர் எங்களைப் பார்த்துக் கத்தினார்: "கொழந்தய அடக்குங்க, இல்லன்னா எறங்குங்க."

இறங்கினோம். கப்பல் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை மூன்று பேரும் துறையில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பப்பாளிப் பழம். கோயிலில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. பாலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வந்தவர் வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு நான் கத்துனது தப்பு, தங்கச்சி. ஆனா எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவளுக்கு எதெல்லாம் பயம்? அதச் சொல்லு."

அதுவரை எங்களிடம் பேசியவர்கள் எல்லாரும் அவளுக்கு என்ன வியாதி என்றுதான் கேட்டார்கள். எதற்குப் பயம் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். நானும் யோசித்து யோசித்துச் சொன்னேன். திடீரென்று வரும் சத்தம். காலடியில் இஞ்சின் அதிர்வது. பின்னாலிருந்து யாராவது நெருக்குவது. கடைசியில் தயங்கி, உங்கள் குரலும்தான் என்றேன்.

"என் கொரலுமா?" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளையே தணித்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் இரைந்து பேசி நான் கேட்டதில்லை. கோயில் கூட்டங்களில் அவரோடு மல்லுக்கட்டியவர்கள் இதை நம்புவது கடினம்.

கப்பல் ஓடாத நாட்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். பாலன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. முதலில் ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. இஞ்சின் இரைச்சல், சங்கிலி இழுபடும் சத்தம், சங்கு எல்லாவற்றையும் அவரே கப்பலில் பதிவு செய்திருந்தார். அடுத்த அறையில் வைத்து, கேட்டும் கேட்காததுமாக ஒலிக்கவிடுவார். நாள் போகப்போக டேப் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. சங்குக்கு முன்னால் மீனாவின் எதிரே உட்கார்ந்து மூன்று விரலை நீட்டுவார். ஒவ்வொன்றாக மடக்குவார். மூன்றாவது மடங்கியதும் சங்கு ஊதும். சில நாட்களில், முதல் விரல் மடங்கும்போதே மீனா தன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினாள். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்டையும் கொண்டுவந்தார். மீனா அதைப் போட்டுக்கொண்டு சோறு சாப்பிட்டாள். டிக்கெட் புத்தகத்து அட்டைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்து கொடுத்தார்: பஸ், கப்பல், நாற்காலி, சங்கு, கடல், மறுபடி பஸ், தாத்தா வீடு. அவருக்கு வரையவே வராது. அவருடைய கப்பல் அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருக்கும்.

பயணிகள் இல்லாத நாட்களில் எங்களைக் கப்பலுக்குக் கூட்டிப்போனார். முதல் முறை மீனா பலகைப் பாலத்தில் கால் வைக்கவில்லை. இரண்டாம் முறை நடுவில் நின்று திரும்பிவிட்டாள். பாலன் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். அண்ணன் ஒப்பவில்லை. "தூக்கிட்டுப் போனா நீங்க போனதா ஆவும். அவ போனதா ஆவாது. இன்னிக்கு இவ்ளோ போதும்" என்றார். மூன்றாம் முறை அவளாக நடந்து போய் இஞ்சின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்படி ஆறு வாரம் தயார் செய்தோம். ஆனால் துறையில் என்ன காத்திருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அன்று காலை நாங்கள் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது துப்பாக்கியோடு ராணுவத்தினர் நின்று ஒவ்வொருவர் பையாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது படத்தில் இல்லை. ஒரு சிப்பாய் மீனாவின் பையைப் பிடித்தான். அவள் தரையில் உட்கார்ந்து, பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கத்தத் தொடங்கினாள். சிப்பாய்க்கும் பயம். துப்பாக்கியை இறுகப் பிடித்துக்கொண்டான். 

கப்பலிலிருந்து பெருமாள் அண்ணன் இறங்கி வந்தார். ஓடி வரவில்லை; இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டு நடந்து வந்தார். சிப்பாயிடம் ஃபிஜி மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் பையை அவன் முதலில் திறந்து காட்டினால் இவள் தன் பையைத் திறப்பாள் என்று சொன்னதாகப் பிற்பாடு என்னிடம் சொன்னார். அந்தப் பையன் சற்று யோசித்தான். துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, தரையில் குந்தி, தன் பையைத் திறந்தான். உள்ளே ஒரு துண்டும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் இருந்தன. மீனா கத்துவதை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பிறகு தன் பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தாள்.

பயணம் சுகமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். அண்ணன் விரல் மடக்கி முடித்தபின்தான் கேப்டன் சங்கு ஊதினார். அப்படியும் அவள் நடுங்கினாள். வாந்தி எடுத்தாள். என் கையைக் கடித்தாள். தளத்தை எத்தனை முறை சுற்றி நடந்தாளோ தெரியாது. ஆனால் அக்கரைத் துறையான நம்போவாலுவில் அவள் தன் காலால் இறங்கினாள்.

லம்பாசா வீட்டில் அப்பா அவள் தலையைத் தொடக் கையைத் தூக்கினார். அவள் விலகிக்கொண்டாள். "வேணாம் வுடு. பாத்தாச்சில்ல" என்று சொல்லிக் கையை இறக்கிக்கொண்டார். மூன்று நாள் அந்த வீட்டில் இருந்தோம். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு மீனா தரையில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அதே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனடா போன அடுத்த வருடம் அப்பா காலமானார்.

நாங்களும் ஒரு நாட்டுக்குக் குடியேற விண்ணப்பித்தோம். மீனாவின் மருத்துவ அறிக்கையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். நான் உடைந்துபோய் உட்கார்ந்திருந்த அன்று பெருமாள் அண்ணன் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அதற்குள் சிட்னி போயிருந்தார்கள். "எல்லாரும் போறாங்க. இருக்கறவங்களும் இருக்கோம் இல்ல" என்றார். பிறகு தேநீரில் சர்க்கரை குறைவு என்று குறைப்பட்டுக்கொண்டார். பிள்ளைகள் இரண்டு முறை அழைத்துப் போயும் அவர் அங்கே தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒரே ஒருமுறைதான் எங்கள்மேல் கோபப்பட்டார். கடைக்கு என்று சொல்லி மீனாவை ஊசி போடக் கூட்டிப்போயிருந்தோம். அதன்பிறகு பல மாதம் கடை என்ற சொல்லைக் கேட்டாலே அவள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். விஷயம் தெரிந்ததும் அவர் பாலனிடம் சொன்னார்: "அவகிட்ட மாத்திச் சொல்லாத. ஒனக்கு அன்னிக்கு வேல ஆயிடும். அவளுக்கு அப்புறம் எந்த வார்த்தயும் வார்த்தயா இருக்காது." குரல் அப்போதும் உயரவில்லை. பாலன் தலை குனிந்து நின்றார்.

மீனாவுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. வியாழக்கிழமை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நாங்கள் இருவரும் தவித்தோம். மாமா சிட்னிக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என நான்தான் முதலில் சொன்னேன். பாலன் என்னை ஒருமுறை பார்த்தார். நான் போய் அவள் எதிரே உட்கார்ந்தேன். பெருமாள் மாமா செத்துவிட்டார் என்றேன். நாளை அவரைப் பெட்டியில் பார்ப்போம், அவர் கண் திறக்கமாட்டார், பேசமாட்டார், மனிதர்கள் சத்தம் போட்டு அழுவார்கள், பிறகு நெருப்பு வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கெழம?" என்றாள்.

"ஞாயித்துக்கெழமயும் வரமாட்டாரு."

மறுநாள் சுடுகாட்டில் அழுகைச் சத்தம் எழும் முன்பே அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் கடைசிவரை அங்கேயே நின்றாள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்: நடக்கப்போவதை, என் நாக்கு எழாத செய்தியானாலும், நடக்கும் முன் என் மகளிடம் உள்ளபடி சொல்லிவிடுவது.