ஆண்டியப்பன் திரும்பிப் போன வீடுகள்

எங்க வீட்டு மனுசன் ஆண்டியப்பனுக்கு வாய் மட்டும் சும்மா இருக்காது. காரைக்குடியில பழைய வீடுகள ஹோட்டலா மாத்துறாகள்ல, அங்கெல்லாம் கதவு, ஜன்னல் சரிபண்ற தச்சு வேலை. வேலையில குத்தம் சொல்ல முடியாது. ஆனா உளியக் கையில எடுத்தா மக புராணம் ஆரம்பமாயிரும்.

மக சண்முகப்ரியா சென்னையில பிசிக்ஸ்ல ஆராய்ச்சி பண்றா. போன பொங்கலுக்கு வந்தப்ப சாப்பிட்டுக்கிட்டே சொன்னா: "அப்பா, ஐன்ஸ்டீன் சொன்ன ஈர்ப்பு விதியக் கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கேன். கேலக்ஸியெல்லாம் சுத்துற வேகத்துக்கு அது சரியா வருது. இன்னும் சோதிக்கணும்."

சோதிக்கணும்ங்கிறது இவுக காதுல ஏறுனாத்தானே! மறுநாளே போற வீடெல்லாம், "ஐன்ஸ்டீன் தப்பாம், எம்மக கண்டுபிடிச்சுட்டா"ன்னு ஆரம்பிச்சாச்சு. புதுவயல் அரிசி மில்லு வரைக்கும் சேதி போயிருச்சு. ஹோட்டல்ல தங்க வந்த வெள்ளக்காரருக்குக்கூட சைகையிலயே சொல்லியிருக்காக. அந்தாளுக்கு என்ன புரிஞ்சுச்சோ, கை குடுத்தாராம்! கடைசியில எங்க தச்சு வேலைக்காரவுக சங்கத்துல பாராட்டு விழா வச்சு, தெருமுனையில ஃப்ளெக்ஸும் கட்டிட்டாக: 'ஐன்ஸ்டீனையே திருத்திய எங்கள் சண்முகப்ரியா'. எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமா இருந்துச்சு.

விழாவுக்கு முந்துன நாள் மக வந்தா. மூஞ்சி சுண்டிப்போயிருந்துச்சு. அடுப்படியில எம் பக்கத்துல வந்து உக்காந்தா.

"அம்மா, பிரபஞ்சம் உண்டான மொதச் சில நிமிசத்துல ஹீலியம் உண்டாச்சு. அது எவ்வளவுன்னு இன்னைக்கும் அளக்க முடியும். எடையில நூத்துக்கு இருபத்தஞ்சு பங்கு கிட்ட. என் விதிப்படி பாத்தா, அப்பப் பிரபஞ்சம் இன்னும் வேகமா விரிஞ்சிருக்கும். அப்பிடி விரிஞ்சா ஹீலியம் கூடிப்போகும், முப்பதையே தாண்டிருது. நெசத்துல அம்புட்டு இல்லம்மா. என் விதி தப்பு."

"அப்பாட்டச் சொல்லலையா?"

"ஃப்ளெக்ஸுக்கு முன்னால நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காக. நான் எப்பிடிம்மா சொல்றது?"

மறுநாள் மேடையில மைக்கப் பிடிச்சவ சொல்லிப்புட்டா. "நான் எழுதுன விதி தப்பு. நானே சோதிச்சுப் பாத்துட்டேன். நான் யாரையும் திருத்தல." அம்புட்டுத்தான், மண்டபமே கை தட்டுது! தலைவர் மைக்க வாங்கி, "இம்புட்டுப் படிச்சும் என்ன தன்னடக்கம் பாத்தீகளா!"ன்னு பொன்னாடையப் போத்துறாரு. எம்புள்ள அதுக்குள்ள கூனிக்குறுகி நிக்கிறா. பாவி சனம், ஒருத்தருக்கும் வெளங்கல. கை தட்டாம இருந்தது மொத வரிசையில இந்த மனுசன் மட்டுந்தான். தலையத் தொங்கப் போட்டுட்டாக.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கல. "ஒங்க வாயாலதான் எம்புள்ள மானம் போச்சு"ன்னு கத்திட்டேன். பதிலுக்கு ரெண்டு வார்த்தை கத்தியிருந்தாத் தேவலை. செவுத்தப் பாத்துப் படுத்துட்டாக.

விடிஞ்சதும் பாத்தா, விசேசத்துக்குப் போடுற வெள்ளச் சட்டையோட வண்டிய எடுக்குறாக.

"எங்குட்டுப் போறீக?"

"பெருமை பேசுன வீட்டுக்கெல்லாம்." என் மூஞ்சியப் பாக்கல. "இன்னும் சோதிக்கணும்னு அன்னைக்கே புள்ள சொன்னா, சொர்ணம். அத மட்டும் நான் ஒருத்தருட்டயும் சொல்லலயே."

ராத்திரி கத்துனதுக்கு எனக்கே அசிங்கமாப் போச்சு. உள்ள இருந்து மக வந்தா, ஒண்ணும் கேக்காம வண்டியில பின்னால ஏறி உக்காந்தா. அம்மாம் பெரிய ஃப்ளெக்ஸுக்குக் கீழ அப்பனும் மகளும் குனிஞ்ச தலை நிமிராமப் போனாக.

மொத வீடு, இவுக வேலை பாத்த சிட்டாள் ஆச்சி வீடு. ஆச்சிதான் பின்னால எங்கிட்டச் சொன்னாக. வாசல்ல நின்னு மகதான் பேச வாயெடுத்தாளாம்.

"நீ இரு தாயி. இது நான் சொன்னது"ன்னு இவுக முந்திக்கிட்டாகளாம்.