இருபத்து மூன்று அம்புகள் ஒட்டிய புத்தகம்

எட்டாம் வகுப்பில் டைஃபாய்டு காய்ச்சலோடு போய் எழுதிய கட்டுரைக்கு மாவட்டத்தில் முதல் பரிசு. வீட்டில் மேசை இல்லாததால் தையல் மிஷினை மூடி அதன்மேல் படித்து, பிளஸ் டூவில் ஆயிரத்து எழுபத்தொரு மதிப்பெண். தபால் வழியில் நூலக அறிவியல் பட்டம். ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக வேலை. அங்கே உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருந்த அறையை நான்கு மாதம் கேட்டுக் கேட்டு வாங்கி, அதில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்கள். கேத்தரின் இதுவரை ஜெயித்தவை இவை. அவளைக் கேட்டால் பாதியைச் சொல்லமாட்டாள். அக்கா கிருபாவுக்கு வரிசை மாறாமல் மனப்பாடம்.

கிருபா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஷூ கம்பெனியில் செக்கர். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பார்த்து, தையல் விலகிய இடத்திலும் தோல் சுருங்கிய இடத்திலும் சிறிய சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. தங்கையிடம் அவள் கண்ட கோளாறு ஒன்றே ஒன்று. தேங்காய் துருவிக்கொண்டே இருப்பாள், கை நின்றுவிடும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள்.

"எங்கடி போய்ட்ட?"

"இதோ வர்றேன்க்கா."

எங்கிருந்து வருகிறாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

புதுப் புத்தகம் வந்தால் உடனே அலமாரியில் வைக்கமாட்டாள். வெயில் விழும் மேசையில் ஒரு நாள் முழுக்கக் கிடத்துவாள். "ஊரு பழகட்டும்க்கா" என்பாள். மாணவிகளிடம் என்ன புத்தகம் வேண்டும் என்று கேட்பதும் கிடையாது. "எங்கம்மா போவணும்?" என்றுதான் கேட்பாள். கடலுக்கு என்பாள் ஒருத்தி. பனி பெய்யுற ஊருக்கு என்பாள் இன்னொருத்தி. ஒன்பதாம் வகுப்பு நிஷா, "மேல எங்கியாவது மிஸ்" என்றாள். அவளுக்குக் கொடுத்ததுதான் 'பதினான்காவது வளைவு' என்ற நாவல். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி டியூஷனுக்கு என்று சொல்லிக் கிளம்பி, கூடப் படிக்கும் பையனோடு பஸ் ஏறி, ஏலகிரி மலையில் மேகம் பார்த்துவிட்டு விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்புகிற கதை.

நிஷாவின் அப்பா தானியேல் பெற்றோர் சங்கத் தலைவர். கிருபா வேலை செய்யும் லைனுக்கும் அவர்தான் சூப்பர்வைசர். மகளின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தவர், கம்பெனி பழக்கம் போகாமல், தப்பென்று பட்ட இடங்களிலெல்லாம் சிவப்பு அம்பு ஒட்டித் தலைமையாசிரியை மேசையில் வைத்துவிட்டார். மொத்தம் இருபத்து மூன்று. இந்தப் புத்தகம் பள்ளியில் இருக்கக் கூடாது என்று ஒரு மனுவும் கொடுத்தார். செய்தி பரவி, "அம்பு ஒட்ன புக்கு எப்ப மிஸ் வரும்?" என்று பதினேழு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். அதுவரை அதைக் கேட்டவள் நிஷா ஒருத்திதான்.

தலைமையாசிரியையிடம் கேட்டு, கேத்தரின் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கிருபா இரண்டு ஞாயிற்றுக்கிழமை, வரிக்கடியில் விரல் வைத்து முழுக்கப் படித்தாள். மதிய வெயிலில் அம்புகள் குங்குமப் பொட்டுகளாக மின்னின.

"இதுல இன்னாடி கோளாறு?"

"பஸ்ல சத்தமா சிரிச்சிட்டா."

"இங்க?"

"மழையில நனையறா."

இன்னொரு பக்கத்தில் கிருபாவின் விரல் நின்றது. "அம்மா கிட்ட பொய் சொல்லினு போறாளே, அது தப்புதான?"

"தப்புதான்க்கா. மலை ஏர்ற வரைக்கும் அவளும் அதையேதான் நெனச்சினு இருக்கா."

மனுவைப் பற்றிப் பேசத் தலைமையாசிரியை கேத்தரினைக் கூப்பிட்டிருந்த திங்கட்கிழமை, கிருபா அரை நாள் லீவு போட்டுத் தங்கையோடு பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை அறையில் தானியேல் உட்கார்ந்திருந்தார். லைனில் அதட்டும் குரல் அன்று அவரிடம் இல்லை.

"இதப் படிச்சதுல இருந்து பொண்ணு ஜன்னலயே பாத்துனு இருக்குதும்மா. கூப்ட்டா 'ஆங்'னுது. பேஜாரா இருக்குது."

"ஜன்னல்ல இன்னா பாக்குறேனு கேட்டீங்களா சார்?" என்றாள் கேத்தரின்.

தானியேல் திரும்பி, வாசலில் நின்றவளைப் பார்த்தார். "கிருபா, நீயாவது உன் தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லேன்."

கிருபா ஓர் அடி உள்ளே வந்தாள். மதியம் லைனுக்குப் போனால் இவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். "இருபத்தி மூணையும் பாத்துட்டேன் சார். நம்ம லைன்ல வந்திருந்தா பாஸ் பண்ணிருப்பேன்."

தலைமையாசிரியை ஒரு தாளைக் கேத்தரின் பக்கம் தள்ளினார். 'கீழ்க்காணும் நூல் நூலகத்திலிருந்து நீக்கப்படுகிறது' என்று அச்சடித்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுல கையெழுத்துப் போட்டுட்டீன்னா ஜூன்ல உன்ன பர்மனென்ட் பண்ண நானே பேசறேம்மா. இல்லன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

ஆறு வருஷமாக நூலகப் பதிவேடுகளில் எல்லாம் தமிழாசிரியைதான் கையெழுத்துப் போட்டு வந்தார். தற்காலிக ஆளுக்கு அந்த உரிமை கிடையாது. அந்தத் தாளில்தான் முதல்முறையாகக் கேத்தரினுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

அவள் பேனாவைத் திறந்தாள். அச்சடித்த வரியை ஒரு கோட்டால் அடித்தாள். அதன் கீழே, மாணவிகளுக்கு எழுதிக் காட்டுகிற உருண்டை எழுத்தில், 'படித்தேன். அலமாரியில் இருக்கும்' என்று எழுதினாள். பிறகு நூலகர் என்ற இடத்தில், அவசரமே இல்லாமல்: அ. கேத்தரின், 19.2.2024.