கோட்டுக்குக் கீழே முப்பத்தெட்டு வீடு

வரைபடச் சுருளை எத்தனை முறை விரித்தாலும் அது மறுபடி சுருண்டுகொள்ளும். ஒரு மூலைக்கு ஸ்டேப்ளர், இன்னொன்றுக்குச் சோற்று டப்பா, மூன்றாவதற்குக் கண்ணாடிக் கூடு. நான்காவது மூலையைக் கலாதேவி தன் இடது முழங்கையால் அமுக்கிக்கொள்வாள். பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து, வடிகாலைக் காட்டும் நீலக் கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே போவாள். மனையின் எல்லையில் கோடு முடியும். பென்சில் நிற்கும். எதிரே நிற்பவரை நிமிர்ந்து பார்ப்பாள்.

“சரி, இதுக்கப்புறம் தண்ணி எங்க போவும்?”

ஈப்போவை ஒட்டிய ஒரு நகராண்மைக் கழகத்தில் இருபத்தாறு வருடமாக இதுதான் அவள் வேலை. புதிதாக வீடு கட்டி விற்கும் நிறுவனங்கள், அந்த வீடுகளால் ஊருக்குக் கூடப்போகிற சாலை, வடிகால் செலவில் ஒரு பங்கைக் கழகத்துக்குக் கட்ட வேண்டும். எவ்வளவு என்று முடிவு செய்வது பொறியாளர் அஸ்வான். கோப்பைச் சரிபார்த்து அவர் மேசைக்கு அனுப்புவது குமாஸ்தாவான கலாதேவி; தோட்டத்துச் சனங்களுக்குக் கிராணி. சட்டத்தில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கலாதேவிக்கு ஒரே வரி போதும்: “மேட்டுல ஆயிரம் பேரு குளிச்ச தண்ணிய தொறந்து விடறவன், கீழ அது போக ஒரு லோங்காங்காவது வெட்டிக் குடுக்கணும் லா.”

யாரிடமும் கை நீட்ட மாட்டாள். தீபாவளிக்கு ஒரு குத்தகைக்காரர் முறுக்கு டின்னோடு வந்து நின்றபோது, “பெர்மிட்டுக்கு வந்தீங்களா, பலகாரம் விக்க வந்தீங்களா?” என்று எல்லோர் காதிலும் விழக் கேட்டுவிட்டாள். மனிதர் டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர்தான்.

போன வருடம் ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் ஆள், தீபன், எட்டாங்கட்டைத் தோட்டத்து மேட்டுக்கான வரைபடத்தைக் கொண்டுவந்தான். இருநூற்று இருபது வீடுகள். எல்லைக் கோட்டுக்குக் கீழே சின்னச் சின்ன வட்டங்கள். அத்தனையும் ரப்பர் மரங்களாம். கூடவே ஒரு கடிதம்: கீழே குடியிருப்பு இல்லை, ஆகவே வடிகாலுக்கான பங்கைக் குறைக்க வேண்டும்.

“கீழ வெறும் கித்தா மரம்தான் அக்கா. தண்ணி போனா மரத்துக்கு நல்லதுதானே லா.”

“எந்த மரம் தம்பி? அத வெட்டி இருபது வருஷமாச்சு. பழைய மேப்ப வெச்சு வரைஞ்சிருக்கீங்க. அங்க இருக்கறது ஆளுங்க.”

தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் அவள் வருவது அந்த வழியாகத்தான். தோட்டம் விலைபோனபோது பட்டா இல்லாமல், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலேயே தங்கிவிட்ட சனங்கள் அவர்கள். எந்த வரைபடத்திலும் அவர்களுக்கு இடமில்லை. பீடோர் பக்கத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவளின் மகள் கலாதேவி. அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை வீடு வீடாக ஏறி இறங்கினாள். திங்கட்கிழமை, வட்டங்களின் மேலேயே பென்சிலால் முப்பத்தெட்டுச் சதுரங்கள் போட்டாள். ஒரு சதுரத்தின் பக்கத்தில் மட்டும் எழுதினாள்: ‘மாயாண்டி – ஐஸ்பெட்டி.’

மாயாண்டிக்குச் சர்க்கரை நோய். ஊசி மருந்து ஐஸ்பெட்டியில் இருக்கிறது. மேட்டில் வீடு கட்ட மரங்களை வெட்டிச் சாய்த்த நாள் முதல், மழை பெய்தால் செம்மண் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் ஐஸ்பெட்டி நான்கு செங்கல்லின் மேல் நின்றது. அவர் மனைவி இருளாயி சொன்னதைக் கலாதேவியால் மறக்க முடியவில்லை. “மனுசன் நனைஞ்சா தொடச்சிக்கலாம் கிராணிம்மா. ஐஸ்பெட்டி நனைஞ்சா மருந்து போச்சு. மருந்து போச்சுன்னா மனுசனே போச்சு.”

அஸ்வான் கோப்பைத் திறந்ததும் கூப்பிட்டுவிட்டார். “என்ன கலா இது? ஆபீஸ் பெலான்ல கிறுக்கி வெச்சிருக்கீங்க. ஐஸ்பெட்டியா?”

“தப்புதான் சார். இப்பவே அழிச்சிடறேன்.” கையோடு கொண்டுபோயிருந்த ரப்பரைக் காட்டினாள். “அதுக்கு முன்னாடி, மழ பெய்யறப்ப ஒரு தடவ வந்து பாத்துடுங்க.”

மறுநாள் பிற்பகலே வானம் கொட்டியது. அஸ்வான் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு லயத்துக்குள் இறங்கினார். மாயாண்டி வீட்டில் அஸ்வானைக் கட்டிலின் மேல் உட்காரவைத்து, இருளாயி மைலோ கலக்கிக் கொடுத்தாள். தண்ணீர் செங்கல்லின் பாதி உயரத்தில் நின்றது. அதன் மேல் ஐஸ்பெட்டி உயிரைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது. அஸ்வான் அதையே பார்த்தபடி மைலோவைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அடுத்த நாள் காலை, முப்பத்தெட்டுச் சதுரங்களையும் அவரே மையால் வரைந்துகொண்டிருந்தார். ஐஸ்பெட்டியைக்கூட அழிக்கவில்லை. நிறுவனம் முழுப் பங்கையும் கட்டியது. அந்தப் பணத்தில் எட்டாங்கட்டைக்குக் கீழே பெரிய வடிகால் ஒன்று வெட்டி முடிக்கப் பதிமூன்று மாதம் ஆயிற்று. “வீடு பாக்க வரவங்க அந்த லோங்காங்க பாத்துட்டுதான் புக் பண்றாங்க அக்கா. தேங்க்ஸ் லா,” என்றான் தீபன், தலையைச் சொறிந்துகொண்டே.

இந்த நவம்பரில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை, இருளாயி நாளிதழில் சுற்றிய பொட்டலத்தோடு முகப்பில் வந்து நின்றாள்.

“இருளாயிக்கா, நான் எதுவும் வாங்க மாட்டேன்னு தெரியும்ல?”

“திங்கற சாமான் இல்ல. பிரிச்சுத்தான் பாரேன் கண்ணு.”

உள்ளே ஒரு செங்கல். அதன் நடுவில், தண்ணீர் நின்ற இடத்தில், காய்ந்த சேற்றுக் கோடு.

“ஐஸ்பெட்டிய தரையில எறக்கியாச்சு. மூணு கல்ல துளசிச் செடிக்கு வெச்சுட்டேன். இது ஒனக்கு. நீ நல்லா இருக்கணும்.”

கலாதேவி சேற்றுக் கோட்டை ஒரு விரலால் தடவினாள். வரிசையில் அடுத்து நின்றவர் பொறுமையில்லாமல் தன் சுருளை முகப்பில் வைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை விரித்தாள். ஸ்டேப்ளர். சோற்று டப்பா. கண்ணாடிக் கூடு. எல்லைக் கோட்டுக்குக் கீழே வெறும் வெள்ளையாகக் கிடந்த நான்காவது மூலையில், அந்தச் செங்கல்லை மெல்ல வைத்துவிட்டு, காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.