சத்தம் மட்டும் வந்த இன்ஹேலர்

தொம்மலூர் மேம்பால நெரிசலில் எங்கள் ஆட்டோ நின்றிருந்தபோது, ஆஸ்துமா உள்ள என் மனைவிக்கு இரைப்பு தொடங்கியது. இன்ஹேலரை இரண்டு முறை அழுத்தி இழுத்தாள். 'புஸ்' என்று சத்தம் வந்தது, இரைப்பு அடங்கவில்லை. சற்று நேரத்தில் அவளால் பேசவே முடியவில்லை.

"அம்மாவுக்கு உதடு நீலமாகுது சார். ஸ்வல்ப கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்ன ஓட்டுநர், மருத்துவமனை வாசல் வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

நெபுலைசரில் மூச்சு சீரான பிறகு டாக்டர் இன்ஹேலரைப் பார்த்தார். "இது எப்ப வாங்கினது?"

எங்களுக்கு நினைவில்லை.

"மருந்து தீர்ந்தாலும் உள்ளே இருக்கிற கேஸ் சத்தம் போடும் சார். குலுக்கிப் பார்த்தாலும் தெரியாது."

அன்று காலை அதைக் குலுக்கிப் பார்த்து அவள் பையில் வைத்தவன் நான்தான்.

இப்போது மீதி எண்ணிக்கை காட்டும் இன்ஹேலரையே வாங்குகிறோம். இருபதுக்கு வந்ததும் புதியது பைக்குள் போய்விடும். காலையில் நான் குலுக்குவதில்லை, எண்ணைப் படிக்கிறேன்.