அரைத் தண்டு வெடிமருந்து

மருதாத்தாளுக்குத் துப்பாக்கி என்றாலே பயம். குழல் வெடித்து வலது கையில் மூன்று விரலைப் பறிகொடுத்தவர் அவளுடைய அப்பன். இடது கையால் உண்ண மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவருக்குச் சாகும்வரை சோறு ஊட்டியவள் அவள். விதியைப் பாருங்கள், வாளையார் மலையடியில் கடலைக்காட்டுக் காவல்காரன் சென்னியப்பனுக்குத்தான் அவள் வாழ்க்கைப்பட்டாள்.

பன்றி விரட்டப் பண்ணையக்காரர் ஒரு பழைய கைத்துப்பாக்கி கொடுத்திருந்தார். குண்டு பட்டாணி அளவு. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, துணி சுற்றிய குண்டை வைத்துக் குச்சியால் இடிக்க வேண்டும். மருந்துக்கு அளவு, இரண்டு விரற்கடை மயிலிறகுத் தண்டு. சென்னியப்பனுக்குக் கிட்டத்துப் பார்வை மங்கல். அதனால் அளக்கும் வேலை மருதாத்தாளுடையது. பயந்து பயந்துதான் அளப்பாள். ஒரு பொட்டு கூடாது, குறையாது.

ஜெர்மன் சண்டை தொடங்கிய வருஷம் ஐப்பசியில் மருந்து தீர்ந்தது. சென்னியப்பன் கோயமுத்தூரில் புதிது வாங்கி வந்தான். பழையது கடுகு போலிருக்கும். இது கசகசா மாதிரி இருந்தது.

"ஏனுங்க, இது நெம்பப் பொடிசுங்க. தென்னமட்டை மெல்ல எரியும், அதையே நாராக் கிழிச்சா பொக்குனு பத்தும். அரைத் தண்டு போதுமுங்க."

"அரைத் தண்டுக்குப் பன்னி காதைக்கூட ஆட்டாது. கொழந்தைக்கு வசம்பு ஒரசிக் குடுக்கறயா? ரொப்பு புள்ள!"

முழுத் தண்டும் அளந்து நிரப்பினாள். ஆனால் துப்பாக்கியை அவனிடம் கொடுக்கவில்லை.

"மொதல்ல மரத்துல கட்டிச் சுட்டுப் பாக்கலாமுங்க."

"பனமரத்துக்கும் இதுக்கும் கண்ணாலமா?" என்று சிரித்தான். அவள் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்ததும் கயிற்றை எடுத்தான்.

மரத்தில் இறுகக் கட்டி, விசையில் நூலை மாட்டி, இருவரும் கிணற்றுமேட்டுக்குப் பின்னால் குந்தினார்கள். அவன் நூலைச் சுண்டினான்.

இடி விழுந்தாற்போலிருந்தது. புகை விலகியபோது பிடிக்கட்டை பிளந்து கிடந்தது. அதன் சிலாம்பு ஒன்று பனையில் ஆணி போல இறங்கியிருந்தது. சென்னியப்பன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மருதாத்தாள் தண்டை அரிவாள்மணையில் வைத்துப் பாதியாக நறுக்கினாள்.

குழல் தப்பியிருந்தது. ஆசாரி புதுக் கட்டை போட்டுக் கொடுத்தார். அரைத் தண்டு மருந்தோடு மூன்று முறை மரத்திலேயே சுட்டுப் பார்த்த பிறகுதான் அவள் அதை அவன் கையில் கொடுத்தாள்.

அப்புறமும் பயம் போகவில்லை. அந்திக்கு வெடிச்சத்தம் கேட்டால், கை வேலையைப் போட்டுவிட்டுக் காட்டுப்பக்கம் காது கொடுப்பாள். அங்கிருந்து அவன் இரண்டு கையையும் சேர்த்துத் தட்ட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். குறும்புக்காரன், சில நாள் வேண்டுமென்றே தாமதிப்பான். அவள் மூச்சு விடாமல் நிற்பாள்.