சபிதாவை ரயிலேற்றாத கதை

மனநலக் கவுன்சிலர் வேலையில வாயைவிடக் காதுக்குத்தான் உழைப்பு அதிகம். அந்தக் காதுக்கே பாஷை புரியலேன்னா படுற பாடு, இந்தத் தொழில்ல இருக்கிற உங்களுக்குச் சொல்லணுமா?

என் இந்தி

ராஜபாளையம் ஆஸ்பத்திரியில என் அறைக்கு ஒரு ஸ்பின்னிங் மில் விடுதி வார்டன், ஒடிசாப் பொண்ணு ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தாங்க. சபிதான்னு வச்சுக்கோங்க. பத்து நாளாச் சோறில்லை, தூக்கமில்லை, ஓயாத அழுகை. கிறுக்குன்னு நான் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா மறுநாளே தனியா ரயிலேத்திருவாங்களாம்.

தபால்ல இந்தி படிச்சு பாஸானவளாச்சே நான், விடுவேனா? கால் மணி நேரம் இந்தியிலயே வெளுத்து வாங்கினேன். அறையைக் கூட்டிக்கிட்டிருந்த குருவம்மாக்கா வெளக்கமாத்தைச் சாத்தி வச்சாங்க. அவங்க வீட்ல தெலுங்கு. “மேடம், அந்தப் புள்ள ஆந்திரா எல்லை போல, தெலுங்குல முனங்குது. நீங்க செத்த நேரம் சும்மா இருங்க.”

செய்வினை

வார்டன் கையில பலமான சாட்சி ஒண்ணு இருந்தது. வியாழக்கிழமை விடுதி வாசல்லேருந்து கட்டில் வரைக்கும் சபிதா அரிசிமாவுல சின்னச் சின்னப் பாதமா வரைஞ்சிருக்கா. செய்வினைன்னு மத்த புள்ளைகள்லாம் அலறிருச்சாம். குருவம்மாக்கா கேட்டுச் சொன்னாங்க: அவ ஊர்ல லட்சுமியை வீட்டுக்குள்ள அழைக்கிற பூசையாம் அது.

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. “ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்கதான நீங்க? கிருஷ்ண ஜெயந்திக்கு உங்க வீட்ல மாவுல என்ன வரைவீக?”ன்னு கேட்டேன். வார்டன் பதறிப்போய்ச் சொன்னாங்க: “அய்யய்யோ, அது கிருஷ்ணர் பாதம்லா மேடம்!”

சீட்டு

பூசை சீக்கில்லைதான், ஆனா சீக்கு இருந்தது. ரெண்டு வயசுக் குழந்தையை மாமியார்கிட்ட விட்டுட்டு வந்தவ. சாகணும்போல இருக்குன்னு அன்னைக்குத்தான் முதல்தடவையா வாய்விட்டுச் சொன்னா. அதை எனக்கு மட்டும் கேக்கிற மாதிரி குருவம்மாக்கா தமிழ்ல சொன்னாங்க. இங்க கேட்டது வெளியே போகாதுன்னு அவங்களே அவ கையில அடிச்சு சத்தியம் பண்ணாங்க.

டாக்டர் மாத்திரை எழுதினார். நான் எழுதின சீட்டுல, வைத்தியம் இங்கேயே, தனியா எங்கேயும் அனுப்பக்கூடாது, தினமும் குழந்தையோட போன்ல பேசவிடணும்னு இருந்தது. வார்டன் ரெண்டு தடவை படிச்சாங்க. “ரயில்ல ஏத்தியிருந்தா ஊர் போய்ச் சேந்திருக்க மாட்டால்ல மேடம்? இனி என் அறையிலயே படுக்கட்டும்.”

போன செவ்வாய்க்கிழமை

ஏழு மாசம் ஆச்சு. சபிதா நல்லாச் சாப்பிடுறா, நம்மூர்த் தமிழே பேசுறா. போன வாரம் மில்லுக்குப் புதுசா வந்து அழுதுக்கிட்டே இருந்த ஒரு பொண்ணைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தா. நான் பதிவு ஃபாரத்தை எடுத்துப் பேரு, வயசுன்னு ஆரம்பிச்சேன். சபிதா என் பேனாவை மெல்ல வாங்கி மேசையில வச்சா. “மொதல்ல அழட்டும்க்கா. பொறவு கேப்போம்.”

பட்டம் வாங்கினது நான், தொழில் தெரிஞ்சது குருவம்மாக்காவுக்கும் சபிதாவுக்கும். பெருமையாத்தான் இருக்கு, மேலதிகாரி காதுக்கு மட்டும் போகாம பாத்துக்கோங்க.